ஏடபிள்யூஎஸ் பேட்ச்ல ஜாப் கியூ போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கோங்க

ஏடபிள்யூஎஸ் பேட்ச்னா நம்ம வேலைகள (ஜாப்) அமேசானோட வாடகை மெஷின்ல ஓட்டித் தர்ற சர்வீஸ், ஜாப் காத்து நிக்கற வரிசைதான் கியூ. கியூ போடுறது பெரிய வேலையே இல்ல, பேரு, பிரையாரிட்டி நம்பர், எந்த கம்ப்யூட் என்விரான்மென்ட், அவ்ளோதான் கேக்கும். ஆனா முன்கூட்டியே முடிவு பண்ண வேண்டியத விட்டுட்டா ஜாப் எல்லாம் ரன்னபிள்லயே (ஓடத் தயார், ஆனா மெஷினுக்கு காத்திருக்கற நிலை) உக்காந்திருக்கும், ஏன்னு தெரியாம முழிக்கணும்.

முதல்ல கம்ப்யூட் என்விரான்மென்ட், மெஷின் எல்லாம் இதுலதான் வரும். மேனேஜ்டு (மெஷின பேட்ச்சே ஏத்தி இறக்கிக்கும்) எடுத்துக்கோங்க, மினிமம் விசிபியு (பிராசசர் எண்ணிக்கை) 0 குடுங்க, வேலை இல்லாதப்ப மெஷின் தானா இறங்கிடும். மேக்ஸிமத்துக்கு கண்டிப்பா யோசிச்சு ஒரு நம்பர் போடுங்க, யாராவது ஆயிரக்கணக்குல ஜாப் தள்ளிட்டா உங்க பில்ல காப்பாத்துறது அதுதான்.

அப்புறம் கியூ. அவசர வேலைக்கு ஒண்ணு, ராத்திரி பூரா ஓடுறதுக்கு ஒண்ணு, ரெண்டையும் ஒரே என்விரான்மென்ட்டோட இணைங்க, இல்லன்னா பிரையாரிட்டிக்கு அர்த்தமே இல்ல. பெரிய நம்பருக்குத்தான் முதல் இடம், 100ம் 1ம் குடுத்தா போதும், ஆனா ஏற்கனவே ஓடிட்டு இருக்கற ஜாப நிறுத்திட்டெல்லாம் அவசர ஜாப் உள்ள வராது. பல டீம் ஒரே கியூவ யூஸ் பண்ணப் போறாங்கன்னா ஃபேர் ஷேர் பாலிசிய (எல்லாருக்கும் பங்கு பிரிச்சு குடுக்கற விதி) கியூ உருவாக்கும்போதே போட்டுடுங்க, பின்னாடி சேக்க முடியாது. அது இல்லாத கியூல வந்த வரிசைதான், ஒருத்தர் 10,000 சைஸ்ல ஒரு அரே ஜாப் (ஒரே வேலைய அத்தன தடவ ஓட்டுறது) போட்டா மத்தவங்க காத்துட்டே கிடக்கணும்.

ஸ்பாட் (அமேசான்கிட்ட மிச்சமா இருக்கற மலிவு மெஷின்) எடுத்தா செலவு நல்லா குறையும், ஆனா 2 நிமிஷ நோட்டீஸ்ல மெஷின் போயிடும். ரீட்ரை 3ன்னு வச்சு, ஸ்டேட்டஸ் ரீசன் 'ஹோஸ்ட் இசி2'ன்னு ஆரம்பிச்சா (அதாவது மெஷின் போனதால நின்னா) மட்டும் திரும்ப ஓட்டு, மத்ததுக்கு நிறுத்துன்னு சொல்லிடுங்க. உங்க கோட்ல இருக்கற பக்குக்காக மூணு தடவ காசு கட்ட வேணாம்.

இப்ப அந்த ரன்னபிள் விஷயம். கியூல முதல்ல நிக்கற ஜாப எடுத்துட்டு, இசி2 (அமேசானோட மெஷின் சர்வீஸ்) பக்கம் போய் மெஷின் வந்துச்சான்னு பாருங்க. வரவே இல்லன்னா பெரும்பாலும் நீங்க கேட்ட அளவுதான் தப்பு. எம்5 லார்ஜ்ல 8 ஜிபி இருக்கேன்னு 8192 எம்பி மெமரி கேட்டா அது எந்த காலத்துலயும் உள்ள போகாது, ஓஎஸ்ஸுக்கும் ஈசிஎஸ் (பேட்ச் உள்ளுக்குள்ள ஜாப் ஓட்ட யூஸ் பண்ற சர்வீஸ்) ஏஜென்ட்டுக்கும் கொஞ்சம் போயிடும், ஈசிஎஸ் கன்சோல்ல எவ்ளோ ரிஜிஸ்டர் ஆயிருக்குன்னு பாத்து அதுக்குள்ள கேளுங்க. மேக்ஸிமம் விசிபியு, அக்கவுண்ட் கோட்டா (உங்க அக்கவுண்ட்டுக்கு அமேசான் வச்சிருக்கற வரம்பு) ரெண்டையும் ஒரு தடவ பாத்துடுங்க. மெஷின் வந்தும் ஜாப் நகரலன்னா நெட்வொர்க்லயோ ரோல்லயோ (மெஷினுக்கு குடுத்த பர்மிஷன்) தான் சிக்கல். பிரைவேட் சப்நெட்ல (நேரா இன்டர்நெட் இல்லாத நெட்வொர்க்) வெளிய போக நாட் கேட்வேயும் இல்லாம, அமேசான் சர்வீஸ தொட விபிசி எண்ட்பாயிண்ட்டும் இல்லாம விட்டா, மெஷினால ஈசிஎஸ் கிளஸ்டர்ல சேர முடியாது, சும்மா ஓடிட்டே காசு திங்கும்.

அதனால நிஜ ஜாப் போடுறதுக்கு முன்னாடி 1 விசிபியு, 512 எம்பி, ஸ்லீப் 60ன்னு ஒரு சின்ன ஜாப ரெண்டு கியூலயும் அனுப்பி சக்சீடடு வருதான்னு பாருங்க. கியூல ஜாப் ஸ்டேட் டைம் லிமிட்டும் போட்டு வைங்க, மாட்டிக்கிட்டு முன்னாடி நிக்கற ஜாப அதுவே கேன்சல் பண்ணிடும், குறைஞ்சபட்சம் 600 செகண்ட் குடுக்கணும்.