முழுதானிய அடை: செட்டிநாட்டுச் சமையலறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளை அரிசிக்குரிய கணக்கிலேயே கம்பையும் சோளத்தையும் கவுனி எனும் கருப்பரிசியையும் ஊறவைப்பதுதான் முழுதானிய அடையில் நேரும் முதன்மையான தவறு. விளிம்பு வெடிப்பது, நடுப்பகுதி வேகாமல் நிற்பது, உண்டபின் வயிறு கனப்பது ஆகிய குறைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன. தீட்டிய அரிசிக்கு இல்லாத தவிட்டுறை இத்தானியங்களுக்கு உண்டு. அந்த உறையைக் கடந்து நீர் உள்ளே செல்ல இரண்டு மூன்று மணி நேரம் போதாது. கம்பு, சோளம், கவுனி மூன்றும் சேர்ந்து இரண்டு கப் என்றால், அவற்றை முந்தின இரவே ஊறவைத்துவிட வேண்டும். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து சேர்ந்த ஒரு கப்பைத் தனியாக இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் போதுமானது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால், பருப்பு நீர்கோத்து நொய்ந்துபோகும் வேளையிலும் சோளம் கல்லாகவே கிடக்கும்.

காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இரவு முழுவதும் வெளியே ஊறும் கம்பு விடிவதற்குள் புளிப்பு வாடை கொண்டுவிடும் என்பதால், அந்த மாதங்களில் ஊறும் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதே நல்லது. கவுனியை ஊறவைக்கும் முன்பே நன்றாகக் கழுவிவிட வேண்டும்; ஊறிய பிறகு கழுவினால், நீரில் இறங்கிய அதன் கருஞ்சாயம் வீணாகும். அந்த நீரைக் கொண்டே மாவை அரைக்கலாம். பர்மா வணிகத்தின் வழியே நகரத்தார் வீடுகளுக்கு வந்ததாகச் சொல்லப்படும் இந்த அரிசியை இனிப்புக்கு மட்டுமே உரியதாக ஒதுக்குவது, என் பார்வையில், அதற்குச் செய்யும் அநீதி. ஆனால் அதன் மாவில் ஆப்பசோடா சேர்க்கக் கூடாது. சோடாவின் காரத்தன்மை பட்டவுடன் கவுனியின் ஊதா நிறம் நீலம் கலந்த சாம்பலாக மங்கிவிடும். அடைக்குச் சோடாவும் வேண்டாம், நெடுநேரப் புளிப்பும் வேண்டாம். அரைத்த மாவு ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்தால் போதும்.

பருப்பைக் குறைப்பது மற்றொரு தவறு. கம்பிலும் சோளத்திலும் கோதுமையைப் போன்ற பசைப்புரதம் (குளூட்டன்) இல்லாததால், அடை உடையாமல் சேர்ந்து நிற்பதற்கு உளுந்தின் வழவழப்பும் மற்றப் பருப்புகளின் பிடிப்பும் தேவைப்படுகின்றன. அரைக்கும்போது வரமிளகாய், சோம்பு, பூண்டு, உப்பு ஆகியவற்றை முதலில் மசித்துக்கொண்டு, பிறகு தானியத்தையும், கடைசியாகப் பருப்பையும் சேர்த்து ரவைப் பதத்தில் எடுக்க வேண்டும். இட்லி மாவைப் போல மைய அரைத்தால் அடை களியாகிவிடும். சின்ன வெங்காயத்தையும் முருங்கைக்கீரையையும் வார்க்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். உப்புப் பட்ட வெங்காயம் நீர்விட்டு மாவின் பதத்தைக் கெடுத்துவிடும்.

தானியத்தை வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. ஐ.நா. அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-க்குப் பிறகு கடைத்தட்டுகளில் ‘மல்டிகிரெயின்’ பொட்டலங்கள் பெருகியுள்ளன. அவற்றில் சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால், முதலில் மைதாவோ அரிசிமாவோ இருந்தால் தானியத்தின் பங்கு எத்தகையது என்பது விளங்கிவிடும். சாமை, வரகு, தினை ஆகியவற்றின் உமியை நீக்கியாக வேண்டும் என்றாலும், பளபளப்புக்காக மேலும் தீட்டும்போது தவிடும் போய்விடுகிறது. மங்கலான நிறமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கம்பு மாவை மாதக்கணக்கில் டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு விரைவில் சிதைவதால், அரைத்த சில நாட்களிலேயே கசப்பு ஏறிவிடும்.

அடுப்படியில் பெரும்பாலோரைக் கெடுப்பது அவசரமே. கனத்த அடைக்குத் தோசைக்கல் நடுத்தரச் சூட்டில் இருக்க வேண்டும். கல் புகைந்தால் மேற்புறம் கருகி உட்புறம் பச்சையாக நிற்கும். மாவைக் கையளவு கனத்தில் அப்பாமல், கரண்டியால் ஒரே சீராகப் பரப்பி, நடுவில் துளையிட்டு, அதிலும் சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு மூடிவைத்து, விளிம்பு தானாக எழும்பிய பிறகே திருப்ப வேண்டும். கல்லை விட்டு வராத அடையைக் கரண்டியால் நெம்புவது வீண். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தால் அதுவே விட்டுக்கொடுக்கும்.

குழந்தைகளின் இடைப்பலகாரத்துக்கு முழுக்கோதுமை மாவில் பான்கேக் செய்பவர்கள் வேறொரு தவறைச் செய்கிறார்கள்: கட்டி ஒன்றுகூட இல்லாதவாறு மாவை அடித்துக் கலக்குகிறார்கள். கோதுமையில் பசைப்புரதம் உண்டு என்பதால், அடிக்க அடிக்கப் பலகாரம் ரப்பராகும். மாவைப் பாலில் மேலோட்டமாகக் கலந்து பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு கப் மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரை வார்ப்பதற்குச் சற்று முன்பே சேருங்கள். கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறிய பின் ஊற்ற வேண்டும். இனிப்பு சேர்ந்த மாவு விரைவில் கருகும். எனவே தீயைக் குறைத்தே வையுங்கள்.

மிஞ்சக்கூடிய அடை மாவை வெங்காயம் சேர்க்கும் முன்பே பிரித்துக் குளிரில் வைத்தால், மறுநாளும் பயன்படும். தவிடு மேலும் நீரை உறிஞ்சி மாவு இறுகியிருக்கும் என்பதால், வார்ப்பதற்கு முன் சிறிது தண்ணீர் தெளித்துத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.