டபுள் ஷாக் சைக்கிளுக்குப் பின் கேரியர் மாட்டுவது எப்படி?

அக்கா பையன் ஓட்டி முடித்த டபுள் ஷாக் சைக்கிள் (முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்தது) போன வருடம் என்னிடம் வந்தது. ஓட்ட நன்றாகத்தான் இருந்தது, கேரியர்தான் இல்லை. சாதாரண கேரியர் ஒன்று வாங்கி, கால்களைப் பின் அச்சிலும் முன்பட்டையை சீட் குழாயிலும் நானே முடுக்கிவிட்டேன். பாலக்கோட்டில் பத்து கிலோ தக்காளி வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினால், இரண்டாவது வேகத்தடையிலேயே 'டக்'கென்று சத்தம். முன்பட்டை வில்லாக வளைந்து, போல்ட் ஒன்று அறுந்து, தக்காளி ரோடெல்லாம் உருண்டது.

பட்டறை அண்ணன் சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தக் கம்பி சக்கரத்தோட ஆடுது. அந்தக் கம்பி சீட்டோட நிக்குது. ரெண்டையும் ஒண்ணா கட்டுனா எது தாங்கும்?"

விஷயம் அவ்வளவுதான். ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் பின் சக்கரத்துக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. அதனால் கேரியர் முழுக்கப் பின் பாகத்தில் நிற்க வேண்டும், அல்லது முழுக்க சீட் குழாயில் தொங்க வேண்டும். சீட் குழாயை மட்டும் பிடிக்கும் கேரியர்கள் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலும் பத்து கிலோவுக்குள்தான் தாங்கும், பாரம் ஏறினால் பக்கவாட்டில் திரும்பும். டிபன் பாக்ஸுக்கும் மழைக்கோட்டுக்கும் அது போதும். எனக்குக் காய்கறி ஏற்ற வேண்டும், ஆகவே முதல் வழி.

அளவெடுப்பது. சக்கரத்துக்கு மேலே, ஷாக்கோடு சேர்ந்து ஆடும் இரண்டு கம்பிகள் இருக்கும். முன்பட்டையை அதில்தான் கிளாம்ப் போட்டுப் பிடிக்கப் போகிறோம். கம்பியைச் சுற்றி ஒரு நூலை இறுக்கிப் பிடித்து அளந்து, 3.14ஆல் வகுங்கள். எனக்கு நூல் 6 செ.மீ. வந்தது, அதாவது கம்பி 19 மி.மீ. இடையில் ரப்பர் வைக்க வேண்டும் என்பதால் 2 மி.மீ. பெரிய கிளாம்ப் வாங்குங்கள். பழைய ட்யூபை வெட்டிக் கம்பியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதன்மேல் கிளாம்பைப் போட்டால் வழுக்காது, பெயிண்டும் உரியாது.

பிரேமில் டிரில் போடாதீர்கள். வெல்டிங்கும் வேண்டாம். காந்தம் ஒட்டும் இரும்பு பிரேமாக இருந்தாலும் குழாய் மெல்லியது, சூட்டில் ஓட்டை விழும்.

கால்களை மாட்டுவது. நட்டு போட்ட அச்சு என்றால் 15 சைஸ் ஸ்பேனர் போதும். பெரும்பாலும் அதுதான் சேரும். நட்டைக் கழற்றி, கேரியர் காலை வெளிப்பக்கமாகச் சொருகி, வாஷர் போட்டு மறுபடி நட்டு. கியர் பக்கம் மட்டும் கவனம்: கியரைத் தாங்கும் தகடும் அங்கேயே இருக்கும், அதற்கும் வெளியேதான் கால் வர வேண்டும். முடுக்கியபின் நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மரையாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அச்சு நீளம் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டாதீர்கள், நீளமான அச்சு போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் நடுவில் நிற்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் இருந்து கால் அதில் இடித்தால், சின்ன இரும்புக் குழாய்த் துண்டை இடையில் கொடுத்துக் காலை வெளியே தள்ளலாம்.

முன்பட்டை. கடையில் வரும் பட்டை, கிளாம்ப் போட்ட கம்பி வரை எட்டாது. 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் இரும்புப் பட்டை வாங்கி, பட்டறையில் வளைத்து ஓட்டை போட்டுக்கொண்டேன். 6 மி.மீ. போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்தது). சாதாரண நட்டு நம் ஊர் ரோட்டு அதிர்வில் கழன்றுவிடும். முதலில் எல்லாவற்றையும் லூசாகவே மாட்டி, கேரியரை மட்டமாக நிறுத்தி, அப்புறம் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் கேரியர் கோணிக்கொள்ளும்.

இனி முக்கியமான சோதனை. வீட்டில் கனமான ஆளாகப் பார்த்து சீட்டில் உட்காரவைத்து, குதித்துக் குதித்து அமுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குனிந்து, கேரியருக்கும் சீட்டின் அடிப்பாகத்துக்கும் நடுவில் பாருங்கள். எவ்வளவு அமுங்கினாலும் இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். என் மாமா உட்கார்ந்தபோது ஒரு விரல்தான் மிஞ்சியது, சீட்டை உயர்த்தினேன். அடுத்து பையை மாட்டி பெடலைச் சுற்றிப் பாருங்கள், குதிகால் பையில் இடிக்கக் கூடாது.

இப்படி மாட்டினால் பாரத்துக்கு ஷாக் உதவாது, குழியில் விழும் அடி நேராகப் பைக்குள் போகும். முட்டை ஏற்றாதீர்கள். கேரியரில் 25 கிலோ என்று அச்சடித்திருந்தாலும், கிளாம்பில் நிற்பதை நான் 12 கிலோவுக்கு மேல் நம்புவதில்லை. ஆள் ஏற்றும் பேச்சே வேண்டாம். முதல் நாள் ஐந்து கிலோவோடு ஊருக்குள் ஒரு சுற்று வந்து எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள், ரப்பர் அமுங்கி கொஞ்சம் லூசாகியிருக்கும்.

கட்டுவதற்குக் கயிறு வேண்டாம், மிச்சமிருக்கும் ட்யூபே போதும். இழுத்துக் கட்டிவிட்டு, தொங்கும் முனையை உள்ளே சொருகிவிடுங்கள், ஸ்போக்கில் சிக்காது.