புரட்டாசி முதல் தை வரை: செய்தவரிடமே வாங்குவதும் உடம்பைப் பேணுவதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை தீபத்தன்று மாலை, அலுவலகத்திலிருந்து நேராக மயிலாப்பூருக்கு ஓடி, கூட்டத்தில் இடிபட்டு, கைக்குக் கிடைத்த ஐம்பது அகல் விளக்குகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அவற்றைத் தண்ணீரில் ஊறவைக்க நேரமில்லை. ஊற்றிய எண்ணெயையெல்லாம் மண் குடித்துவிட்டது; பாதி விளக்குகள் கால் மணி நேரம்கூட எரியவில்லை. அன்றிரவு இடுப்பு வலியோடு படுத்திருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. விளக்கைச் செய்தவருக்கும் நான் உரிய நேரம் கொடுக்கவில்லை, என் உடம்புக்கும் கொடுக்கவில்லை.

நம் ஊரில் பண்டிகைக் காலம் ஒரு நாளோடு முடிவதில்லை. புரட்டாசியில் நவராத்திரி தொடங்கினால் தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தை பிறக்கும்வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள் நீள்கிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் கொட்டித் தீர்ப்பதும் இதே மாதங்களில்தான். மண்ணை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இக்கட்டு என்பதை வாங்குபவர்களாகிய நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அகலும் பானையும் விற்க வேண்டிய காலத்தில் பச்சை மண் காய்வதில்லை, விறகு நனைந்துவிடுகிறது, சூளைக்குத் தீ மூட்ட முடிவதில்லை. நான் வழக்கமாக வாங்கும் அம்மையார் ஒருமுறை சொன்னார்: “மழையில சூளை வைக்க முடியாதும்மா. ஆவணியிலயே இத்தனை வேணும்னு சொல்லிட்டீங்கன்னா, நல்லா காய வச்சு எடுத்து வைப்பேன்.” அந்த ஆண்டு முதல் ஆவணி மாதத்திலேயே பட்டியல் எழுதிவிடுகிறேன். செய்பவருக்கு அவகாசமும் வீட்டில் பண்டிகையைத் தூக்கிச் சுமப்பவருக்கு ஓய்வும் ஒரே வழியாகத்தான் வருகின்றன என்று உறுதியாக நம்புகிறேன்: முன்கூட்டியே முடிவு செய்து, அளவாக, செய்தவரிடமே வாங்குவது.

பட்டியல் எழுதும் முறை

கடைக்குப் போவதற்கு முன் பரணையும் பீரோவையும் திறந்து பாருங்கள். சென்ற ஆண்டு அகல்களில் எத்தனை உடையாமல் இருக்கின்றன, கொலுப் படியில் எந்தப் பொம்மைக்கு வண்ணம் உதிர்ந்திருக்கிறது, யாருக்கு என்ன பரிசு கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, எதிரே கொடுக்கக்கூடிய தொகையையும் குறியுங்கள். கொலுவுக்கு ஆண்டுக்கு ஒரு பொம்மை போதும் என்பது என் கருத்து. பத்து மலிவான பொம்மைகளை வாங்கும் பணத்தில், முகம் திருத்தமாக எழுதப்பட்ட ஒரு மண் பொம்மையை வாங்கினால் அது பேத்தி காலம்வரை நிற்கும். அதைச் செய்தவருக்கும் உழைப்புக்கேற்ற கூலி போய்ச் சேரும்.

எங்கே போவது

கொலு என்றால் கபாலீசுவரர் கோயிலின் வடக்கு மாட வீதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. காஞ்சிபுரம், பண்ருட்டி போன்ற ஊர்களின் பொம்மைகள் நவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பே அங்கே நடைபாதையில் இறங்கிவிடும். வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வண்டியை விட்டுவிட்டுப் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடப்பது எளிது. புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டை, குயவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற பகுதி. பிள்ளையார் சிலையும் கொலுப் பொம்மையும் அகலும் இன்றும் அங்கே கிடைக்கின்றன. எல்லாப் பொருள்களும் அங்கேயே செய்தவை அல்ல. ஆகவே “இது நீங்கள் செய்ததா, எந்த ஊரிலிருந்து வருகிறது?” என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர்கள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள். மண் எங்கே எடுத்தோம், எத்தனை நாள் காய்ந்தது என்று அவர்களே விவரிக்கத் தொடங்குவார்கள்.

ஒரு நாளை முழுதாக ஒதுக்க முடிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குப் போங்கள். 1996 முதல் இயங்கும் அந்த வளாகத்தில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம், வாங்கவும் செய்யலாம். குழந்தைகளை அழைத்துப் போனால் விலை என்பது எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களே கண்ணால் கண்டுகொள்வார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அலைய முடியாதவர்களுக்கு அண்ணா சாலையிலுள்ள பூம்புகார் விற்பனை நிலையம் நல்ல வழி: சுவாமிமலை வெண்கலம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பண்டிகை நெருங்கும்போது மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் கண்காட்சிகளையும் கவனித்துக்கொண்டிருங்கள். பனையோலைப் பெட்டிகளை நான் பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறேன். பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்கும் முறுக்கையும் அதிரசத்தையும் ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பிறகும் பெட்டி அந்த வீட்டில் இருக்கும்.

பார்த்து வாங்குவது

அகல் விளக்கைச் சுண்டிப் பாருங்கள். நன்றாக வெந்த மண் ‘டிங்’ என்று ஒலிக்கும். வேகாததும் விரிசல் விழுந்ததும் மந்தமாகச் சத்தமிடும். திரி வைக்கும் மூக்கை உற்று நோக்கினால், சக்கரத்தில் இருக்கும்போதே விரலால் அழுத்தி வளைத்த தடம் தெரியும். ஒவ்வொரு விளக்கிலும் அது சற்று வேறுபடும். அந்த வேறுபாடு குறையல்ல, கையால் செய்ததற்கான சாட்சி. வண்ணமும் மினுமினுப்பும் பூசியவற்றை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, எண்ணெய் ஊற்றி ஏற்றுவதற்குப் பூச்சில்லாதவற்றையே எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெயிலில் உலர்த்திவிட்டால், விளக்கு எண்ணெயைக் குடிப்பது வெகுவாகக் குறையும்.

பொம்மைகளில் மண், காகிதக் கூழ், பிளாஸ்டர் என மூன்று வகை உண்டு. மண் பொம்மை கனக்கும். காகிதக் கூழ் இலேசானது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவே ஏற்றது. அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்து, வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் ஒட்டினால் அது பிளாஸ்டர்.

துணி விஷயத்தில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையை என்னிடமும் ஒருவர் விற்றிருக்கிறார். கைத்தறியில் நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமலிருக்க இரு ஓரங்களிலும் ஊசிமுனை கொண்ட குச்சியைக் குத்திப் பிடிப்பார்கள். அதனால் கரையோரத்தில் சிறு சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதோடு கைத்தறி முத்திரை, பட்டென்றால் பட்டு முத்திரை ஆகியவற்றையும் கேளுங்கள். பட்டு நூல் ஒன்றிரண்டை உருவிக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகிவிடும். அசல் ஜரிகையின் உள்ளே இருப்பது பட்டு நூல். அதன்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசுகிறார்கள். பெரும்பாலும் உள் நூல் சிவப்பாக இருப்பதால், இலேசாகச் சுரண்டினால் செம்மை எட்டிப் பார்க்கும்.

காஞ்சிபுரம் சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பின்னிச் சேர்ப்பதால், நெசவாளரோடு இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டியிருக்கிறது. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இதை அறிந்தவர்கள் தீபாவளிச் சேலைக்கு ஐப்பசியில் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு, நெசவாளர் கூட்டுறவு அமைப்பாக 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. தீபாவளிக்குத் தள்ளுபடியும் தருகிறார்கள். பட்டு வாங்க வசதியில்லை என்றால் மதுரைச் சுங்குடியோ பவானி ஜமக்காளமோ சிறந்த பரிசுகள்.

பேரம் பேசுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் அச்சிட்ட விலையைக் கொடுத்துவிட்டு வரும் நாம், வெயிலில் உட்கார்ந்திருப்பவரிடம் ஐந்து ரூபாய்க்காக வாதாடுவது முறையல்ல. அதிகமாக வாங்கும்போது “மொத்தமாக எடுத்தால் என்ன விலை?” என்று ஒருமுறை கேளுங்கள், அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது வணக்கம் சொல்லி நகருங்கள். முன்பதிவு செய்தால் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள், ஏனென்றால் மண்ணுக்கும் விறகுக்கும் நூலுக்கும் அவர் கடன் வாங்காமலிருக்க அது உதவும். பெரும்பாலோரிடம் கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் வசதி வந்துவிட்டது என்றாலும் சில்லறையும் எடுத்துப் போங்கள். பழைய செய்தித்தாளும் துணிப்பையும் உங்களிடமே இருக்கட்டும்.

உடம்புக்கும் ஒரு பங்கு

பட்டியலில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். பரிசு வாங்க வேண்டியவர்களின் வரிசையில் தன்னை எழுதிக்கொள்ளாத பெண்களே நம் வீடுகளில் அதிகம். என் பெயருக்கு நேரே ஓர் ஆண்டு ‘பத்தமடைப் பாய்’ என்று எழுதினேன். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, ஊறவைத்து, மெல்லிய இழையாக்கி நெய்த பாய் அது. உயர்ந்த வகையைத் துணிபோல் மடிக்கலாம். பலகாரம் சுடும் நாட்களில் மதியம் இரண்டு மணியானால் அடுப்பை அணைத்துவிட்டு அதில் அரைமணி நேரம் படுக்கிறேன். அந்த நேரத்தில் என்னை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

எண்ணெய்க் குளியலைத் தீபாவளி அதிகாலையின் ஐந்து நிமிடச் சடங்காக முடித்துவிடாமல், பண்டிகை மாதங்களில் வாரம் ஒருமுறை எடுக்கலாம். நல்லெண்ணெயில் இரண்டு மிளகைப் போட்டுச் சூடாக்கி, பொறுக்கும் சூட்டில் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை தேய்த்து, இருபது நிமிடம் விட்டுச் சீயக்காயும் வெந்நீருமாகக் குளியுங்கள். குளியலறைத் தரையில் சிந்திய எண்ணெயை உடனே துடைத்துவிடுவது முக்கியம், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மிக முக்கியம். சளியோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

தீபாவளி லேகியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் சேர்த்துப் பொட்டலமாகவே தருவார்கள். இலேசாக வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, கையில் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். குளித்தவுடன் சிறு நெல்லிக்காய் அளவு போதும். சர்க்கரை நோயாளிகளும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெடிப்புகை அடங்கும்வரை சன்னலைச் சாத்தி, மூச்சு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வேலையைப் பங்கிடும்போது ‘உதவி செய்’ என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. பரண் இறக்குவது மகன், அகல் ஊறவைப்பது மகள், முன்பதிவு செய்த பானையை வாங்கி வருவது கணவர் என்று பெயரும் தேதியும் போட்டு எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். இரு பண்டிகைகளுக்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை எந்த வேலையும் விருந்தும் இல்லாமல் விட்டுவையுங்கள். மார்கழியில் விடியலில் கோலம் போடுபவர்கள், அந்தப் பத்து நிமிடத்தைக் கைப்பேசி இல்லாமல் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவரை இழந்து அந்த ஆண்டு பண்டிகை இல்லை என்றிருப்பவர்களுக்கு இந்த மாதங்கள் மிகவும் கனமானவை. அவர்களைப் போய்ப் பாருங்கள், சாப்பாடு கொண்டு செல்லுங்கள். மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

பொங்கலுக்கு வாங்கும் புதுப் பானையை ஒரு நாள் முழுதும் தண்ணீரில் அமிழ்த்தி, உலர்த்தி, அரிசி களைந்த நீரை ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சிக் கொட்டிவிட்ட பிறகே அடுப்பேற்றுங்கள். சூடான பானையில் குளிர்ந்த நீரை விட வேண்டாம். பொங்கல் முடிந்த வாரத்தில் அகல்களை வெந்நீரிலும் சீயக்காயிலும் ஊறவைத்துப் பிசுக்கைத் தேய்த்து, தை வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, தாள் சுற்றி அடுக்குங்கள். உடைந்தவற்றை எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். ஆவணியில் அந்த அம்மையாரிடம் சொல்ல வேண்டிய எண்ணிக்கை அதுதான்.