ஒரு நிலநடுக்கத் திரளைக் கூகுள் ஷீட்ஸில் பிரித்துப் பார்ப்பது எப்படி?

2012 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பிராலி என்ற ஊரில் காலையிலிருந்தே சிறுசிறு அதிர்வுகள். பகல் 12:31க்கு 5.3 அளவில் ஒன்று. 86 நிமிடம் கழித்து, 1:57க்கு 5.4 அளவில் இன்னொன்று. முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கில் குட்டி அதிர்வுகள். இதில் எதை முதன்மை அதிர்வு என்பது, எதைப் பின்னதிர்வு என்பது? சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாத கூட்டத்துக்குத்தான் நிலநடுக்கத் திரள் என்று பெயர், ஆங்கிலத்தில் ஸ்வார்ம்.

நிலத்தட்டுகள் உரசி நழுவும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் தென்முனையும் இம்பீரியல் பிளவும் ஒரே கோட்டில் சேராமல் விலகி நிற்கும் இடம் இது. நடுவில் மாட்டிக்கொண்ட நிலம் இரு பக்கமும் இழுபட்டு மெலிகிறது, கீழிருந்து சூடு ஏறுகிறது. புவிவெப்ப மின்நிலையங்கள் இங்கே இருப்பதற்கும் அதே காரணம்தான். பழகுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்: கருவிகள் நெருக்கமாக உள்ள பகுதி, தரவும் இலவசம்.

தேவையானவை: இணையம், கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல், இரண்டு மணி நேரம்.

படி 1: தரவை இறக்குங்கள்

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையான யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் நிலநடுக்கத் தளத்தில் பட்டியலைத் தேடும் பக்கம் இருக்கிறது. அதில் இப்படி நிரப்புங்கள்:

தேதி: 2012 ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 5 வரை
குறைந்தபட்ச அளவு: 0
வடக்கு எல்லை 33.15, தெற்கு எல்லை 32.90
மேற்கு எல்லை −115.70, கிழக்கு எல்லை −115.40
வரிசை: பழையது முதலில்
வடிவம்: சி.எஸ்.வி. (ஷீட்ஸில் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பு)

தீர்க்கரேகைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டால் பசிபிக்குக்கு அந்தப் பக்கம், சீனாவுக்குப் போய்விடுவீர்கள். ஒரு தேடலில் 20,000 பதிவுகளுக்கு மேல் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய திரள் என்றால் தேதியைத் துண்டு போட்டு இறக்க வேண்டும்.

படி 2: துப்புரவு

கோப்பைத் திறந்ததும் முதல் நெடுவரிசையில் நேரம் இருக்கும்: தேதி, நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நேரம், கடைசியில் இன்னொரு எழுத்து. ஷீட்ஸுக்கு இது வெறும் எழுத்துச் சரம். இப்படியே வரைபடம் போட்டால் கிடை அச்சு உளறும். லெஃப்ட் என்ற சூத்திரம் வைத்து முதல் 10 எழுத்துகளை எடுத்து டேட்வேல்யூவில் கொடுங்கள். மிட் வைத்து 12ஆம் இடத்திலிருந்து 8 எழுத்துகளை எடுத்து டைம்வேல்யூவில் கொடுங்கள். இரண்டையும் கூட்டினால் நாள் கணக்கில் ஒரே எண் வரும். இனி எல்லாம் அந்த எண்ணில்தான்.

நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்கிறது. ஆகஸ்டில் கலிஃபோர்னியா நேரம் அதைவிட 7 மணி பின்னால். நம் நேரம் 5:30 முன்னால். எனவே அந்த 5.4 பட்டியலில் 26ஆம் தேதி 20:57, பிராலியில் 26ஆம் தேதி மதியம் 1:57, சென்னையில் 27ஆம் தேதி விடியற்காலை 2:27. மூன்றும் ஒரே நிகழ்வு. செய்திகளோடு ஒப்பிடும்போது பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பிறகு வகை என்ற நெடுவரிசையைப் பாருங்கள். நிலநடுக்கம் அல்லாதவற்றை, முக்கியமாகக் கல்குவாரி வெடிகளை, நீக்கிவிடுங்கள்.

படி 3: அளவும் நேரமும்

கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் அளவு, புள்ளி வரைபடம். கோடு வரைபடம் வேண்டாம்; அடுத்தடுத்த அதிர்வுகளைக் கோட்டால் இணைப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

வழக்கமான முதன்மை அதிர்வு, பின்னதிர்வு வரிசையில் ஒரு புள்ளி தனியாக உயரத்தில் நிற்கும். அடுத்த பெரியது சராசரியாக 1.2 அளவு கீழே இருக்கும். இதைப் போத் விதி என்பார்கள். பிராலியில் அந்த இடைவெளி 0.1. அளவில் 1 கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும், 0.1 கூடினால் 1.4 மடங்குதான். அதாவது இரண்டும் கிட்டத்தட்ட சமம். போதாததற்குப் பெரியது இரண்டாவதாக வந்திருக்கிறது.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 2019 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்டிலும் 6.4 முதலில் வந்து, மறுநாள் இரவு 7.1 வந்தது. அது திரள் அல்ல. முன்னதிர்வும் முதன்மை அதிர்வும்.

படி 4: பட்டியல் எங்கே பொய் சொல்கிறது?

இந்தப் படியைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாம் வீண். சிறிய அதிர்வுகள் எல்லாமே பட்டியலில் இருப்பதில்லை. எந்த அளவுக்கு மேல் பட்டியல் முழுமையானது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அளவுகளை 0.1 இடைவெளியில் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணுங்கள். பெரிய அளவிலிருந்து சிறியதை நோக்கி வர வர எண்ணிக்கை ஏறும். ஓரிடத்தில் உச்சம் தொட்டுச் சரியும். சரிவதற்குக் காரணம் பூமி அல்ல, கருவிகளின் கண்ணுக்குத் தப்பியவை. உச்சத்தோடு 0.2 கூட்டுங்கள். உச்சம் 1.3இல் என்றால் உங்கள் வெட்டு 1.5. அதற்குக் கீழுள்ளவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

அதுவும் போதாது. 5.4 வந்த அடுத்த சில மணி நேரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிறிய புள்ளிகள் திடீரென்று மெலிந்து, பிறகு மெல்ல நிரம்பும். சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத மாதிரி, பெரிய அதிர்வின் அலைகள் அடங்கும் வரை குட்டிகளைப் பிரித்தெடுக்க முடியாது. இதைப் பார்த்து "பெரியது வந்ததும் திரள் அமைதியானது" என்று எழுதினால் தவறு. அந்த மணி நேரங்களுக்கு வெட்டை 2.5 வரை உயர்த்தி மறுபடி எண்ணுங்கள்.

படி 5: மணிக்கு எத்தனை?

வெட்டுக்கு மேலுள்ளவற்றைக் கவுன்ட்இஃப்ஸ் வைத்து மணிவாரியாக எண்ணிப் பட்டை வரைபடம் போடுங்கள். பின்னதிர்வு என்றால் ஓமோரி விதிப்படி தொடக்கத்திலேயே உச்சம், பிறகு ஏறக்குறைய காலத்துக்கு எதிர்விகிதத்தில் தேய்வு. திரளில் எண்ணிக்கை மெல்ல ஏறும், தணியும், சில சமயம் மறுபடி கிளம்பும்.

படி 6: நகர்கிறதா?

பாகையைக் கிலோமீட்டராக மாற்ற வேண்டும். அட்சரேகையில் ஒரு பாகை 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை இந்த இடத்தில் 93 கி.மீ. மட்டுமே, ஏனென்றால் 33ஆம் பாகையில் இருக்கிறோம். இரண்டுக்கும் 111 போட்டால் படம் கிழக்கு மேற்காக இழுபட்டு, இல்லாத திசையில் பிளவு தெரியும்.

முதல் பத்து அதிர்வுகள் நடந்த இடங்களின் இடைநிலை மதிப்பை (மீடியன்) மையமாக வையுங்கள். முதல் அதிர்வு ஒன்றை மட்டும் நம்பினால் அதன் பிழை எல்லாவற்றிலும் தொற்றும். பிறகு ஒவ்வோர் அதிர்வுக்கும் மையத்திலிருந்து தூரம் கணக்கிட்டு நேரத்துக்கு எதிரே போடுங்கள்.

பாறை இடுக்குகளில் நீர் அழுத்தம் பரவுவதுதான் காரணம் என்றால் தூரம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். அழுத்தம் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் பரவல் எண் நொடிக்கு 1 சதுர மீட்டர் என்று வைத்தால் முதல் மணியில் சுமார் 210 மீட்டர், முதல் நாளில் 1 கி.மீ., பத்து நாளில் 3.3 கி.மீ. ஆனால் பிளவு சத்தமில்லாமல் நழுவி, அந்த நழுவல் குட்டி அதிர்வுகளைக் கிளப்புகிறது என்றால் வேகம் வேறு ரகம். தென் கலிஃபோர்னியத் திரள்களில் மணிக்கு 0.1 முதல் 1 கி.மீ. வரை நகர்வு கண்டிருக்கிறார்கள்.

கிடைமட்டப் பிழை என்ற நெடுவரிசையையும் பக்கத்தில் வையுங்கள். நகர்ந்த தூரம் அந்தப் பிழையைவிடச் சில மடங்கு பெரிதாக இல்லையென்றால் நகர்வு என்று சொல்லாதீர்கள். ஆழம் இன்னும் மோசம்: பல அதிர்வுகள் ஒரே ஆழத்தில் வரிசையாக நின்றால் அது பாறை அடுக்கு அல்ல, கணிப்பொறி மாற்றாமல் விட்ட எண். நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் சதர்ன் கலிஃபோர்னியா எர்த்க்வேக் டேட்டா சென்டரில் இடத்தைத் திருத்திக் கணக்கிட்ட பட்டியல் கிடைக்கும்.

அடுத்த பெரிய அதிர்வு எப்போது என்று இந்தப் படங்களிடம் கேட்காதீர்கள். ஜப்பானின் மத்சுஷிரோவில் 1965 முதல் ஆண்டுக்கணக்கில் அதிர்ந்தும் 5.4ஐத் தாண்டவில்லை. அதே நாட்டின் நோட்டோ தீபகற்பத்தில் மூன்று ஆண்டுகள் திரளாக அதிர்ந்தபின் 2024 ஜனவரி 1இல் ஜப்பானிய அளவையில் 7.6 வந்தது.

இதே முறையை 2018 நவம்பரில் தொடங்கிய மகாராஷ்டிரத்தின் பால்கர் திரளில் முயல நினைத்தால் யு.எஸ்.ஜி.எஸ். பட்டியல் உதவாது. அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் 4க்கு மேற்பட்டவைதான் அதில் இருக்கும். இந்தியாவின் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், படி 4ஐ முதலில் செய்யுங்கள்.