தள்ளாத வயதில் சிகிச்சை விருப்பத்தைக் கேட்டு எழுதிவைப்பது

முதலில் ஒன்று: பட்டா, பாகப்பிரிவினை பேச்சு நடக்கிற சமயத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள். டெல்டாவில் நாலு மா நிலம் வைத்திருப்பவர் முன் காகிதத்தை நீட்டினால், எழுதி வாங்க வந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அப்புறம் வாயே திறக்க மாட்டார்.

காலைப் பலகாரம் முடிந்து தெம்பாக இருக்கும் நேரம் நல்லது. டிவியை அணைத்துவிட்டு, நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்காருங்கள். இருபது நிமிடம் போதும். காய்ச்சலிலோ சிறுநீர்த் தொற்றிலோ புத்தி தடுமாறினால், தெளியும்வரை தள்ளிப்போடுங்கள்.

சாவிலிருந்து தொடங்க வேண்டாம். "போன தடவ ஆஸ்பத்திரில எது ரொம்ப கஷ்டமா இருந்துச்சும்மா?" என்று கேளுங்கள். மூக்குக் குழாய், கையைக் கட்டிப்போட்டது, ஐசியூவில் யாரையும் பார்க்க விடாதது என்று தானாக வரும். "எல்லாம் நீ பாத்துக்க" என்பார்கள். அது பதில் ஆகாது. "நான் முடிவு பண்ணணும்னா எத மனசுல வச்சுப் பண்ணட்டும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

"வீட்டுலயே கட்ட சாயணும்" என்றதும் எழுதி முடித்துவிடுவதுதான் பெரிய தப்பு. நிமோனியாவுக்கு ஊசி போட ஆஸ்பத்திரி போகச் சம்மதமா? மூச்சு முட்டினால் வென்டிலேட்டர்? விழுங்க முடியாமல் போனால் குழாய்வழி உணவு? தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதுக்குச் சரி என்பவர் மற்ற இரண்டையும் மறுக்கலாம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி, படித்துக் காட்டுங்கள்.

சிங்கப்பூர் மகனை வீடியோ காலில் கூப்பிட்டு அம்மா வாயாலேயே கேட்க வையுங்கள். இல்லாவிட்டால், கூடவே இருந்து பார்த்த மகளின் பேச்சு, முடிவெடுக்க வேண்டிய அன்றைக்கு எடுபடாது.

சட்டப்படி செல்ல வேண்டுமென்றால், உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கிய லிவிங் வில் இருக்கிறது; பிழைக்க வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம் அது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து. பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று. சொந்தக்காரர் அல்லாத சாட்சிகளாக இருந்தால் நல்லது. தன்னால் சொல்ல முடியாதபோது முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். ஒரு நகல் உள்ளாட்சி அலுவலகத்துக்கு, ஒன்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். ஒவ்வொரு முறை டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகும் மறுபடி கேளுங்கள், பதில் மாறும்.