எஸ்பிரஸோ இயந்திரத்தில் பம்ப் அழுத்தத்தைத் திருத்தும் முறை

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகள் விடுதிகளாக மாறிய பின், டிகாக்‌ஷன் போடும் பித்தளை ஃபில்டருக்குப் பக்கத்தில் எஸ்பிரஸோ இயந்திரமும் இடம்பிடித்துவிட்டது. காபி நீர்த்துப் போனாலும் கசந்தாலும் உடனே பம்பின் திருகைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. அந்தத் திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

முதலில் பம்புக்குள் வரும் தண்ணீரைப் பாருங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்துதான் குழாய் இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்கே ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால், இரண்டு மாடி வீட்டின் தொட்டி அதையும் தராது. இதோடு ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் மண்ணும் நுழைவாயில் வலையை அடைத்துவிட்டால் பம்ப் தண்ணீருக்குத் திணறிக் கீச்சென்று இரையும். அழுத்தமானியின் முள் ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கும். இந்த நிலையில் திருகை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. வலையைக் கழுவி, மென்னீராக்கியின் வடிகட்டியை மாற்றி, தேவையானால் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு சிறு பூஸ்டர் பம்ப் வைத்த பிறகே மேற்கொண்டு செல்லுங்கள்.

அடுத்து, எந்த முள்ளைப் படிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பாய்லரின் முள் 1 முதல் 1.3 பார் வரை காட்டும். அது நீராவிக்குரியது, பம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பம்பின் முள்ளையும் இயந்திரம் சும்மா நிற்கும்போது நம்பக்கூடாது. உள்ளே அடைபட்ட நீர் சூடேறி விரியும்போது அது தானாகவே 10 பாரைத் தாண்டும். 12 பார் அளவில் பாதுகாப்பு வால்வு திறந்து சொட்டுச் சொட்டாக வெளியேற்றுவது இயல்பே. இதைக் கோளாறென்று எண்ணி அழுத்தத்தைக் குறைப்பவர்கள், காலையில் நன்றாக இருந்த காபியை மதியத்துக்குள் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இயந்திரம் முழுச் சூட்டுக்கு வந்ததும், துளையில்லாத பிளைண்ட் ஃபில்டரைக் கைப்பிடியில் பொருத்தி, காபி இறங்கும் தலைப்பகுதியான குரூப்பில் மாட்டி, நீரைத் திறந்து, பம்ப் ஓடும்போது முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்கு மேல் ஓடவிட வேண்டாம். சுழல் பம்பின் பித்தளை உடலில், ஒரு மூடிக்கோ பூட்டு நட்டுக்கோ உள்ளே, அழுத்தத்தைத் திருத்தும் பைபாஸ் திருகு இருக்கும். ஸ்பேனரால் நட்டைச் சற்றே தளர்த்தி, பம்ப் ஓடும்போதே ஸ்குரூ டிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள்: கடிகாரத் திசையில் அழுத்தம் ஏறும், எதிர்த் திசையில் இறங்கும். எஸ்பிரஸோவுக்கு வழக்கமான அழுத்தம் 9 பார். முதலில் அதற்குக் கீழே இறக்கி, பிறகு மெதுவாக 9-க்கு ஏற்றினால் முள் நிலையாக நிற்கும். நட்டை முடுக்கும்போது திருகும் சேர்ந்து நகரும் என்பதால் ஸ்குரூ டிரைவரை எடுக்காமல் பிடித்திருங்கள். மூடியைக் கழற்றிய இயந்திரத்துக்குள் மின்கம்பிகளும் கொதிக்கும் குழாய்களும் அருகருகே இருக்கின்றன. ஈரக் கையோடு உள்ளே நுழையாதீர்கள். திருகை முற்றிலும் வெளியே எடுத்தால் தண்ணீர் முகத்தில் பீறிடும்.

பின்னர் காபித்தூளோடு ஒரு முறை இறக்கிப் பாருங்கள். இதற்குச் சிக்கரி கலக்காத தூளே வேண்டும். சிக்கரி நீரோட்டத்தைத் தடுத்துச் சோதனையைக் குழப்பிவிடும். முள் 9-இல் நிற்கையில் காபி வேகமாக ஓடினால், குறை அரைப்பில் இருக்கிறது. அரவையை மாற்றுங்கள், பம்பைத் தொடாதீர்கள். இரண்டு குரூப் உள்ள இயந்திரத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பம்ப்தான் என்பதால் இரண்டிலும் சோதித்துவிடுங்கள்.

வரத்துத் தண்ணீர் சரியாக இருந்தும், திருகைத் திருப்பியும் முள் அசையவில்லையென்றால் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இதழ்கள் தேய்ந்திருக்கலாம். மேலும் முடுக்கி மோட்டாரைச் சுமக்க வைக்காமல், பம்பை மாற்ற மெக்கானிக்கை அழையுங்கள்.