ஜிமெயிலை ஃபோல்டர் கலையாமல் ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைப்பது எப்படி?

மாங்காய் சீசன் ஓய்ந்த பிறகுதான் கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆபீஸ்களில் மெயில் பக்கம் திரும்பவே நேரம் கிடைக்கும். அதற்குள் ஜிமெயிலின் இலவச 15 ஜிபி நிரம்பியிருக்கும். டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். பழையதை அழித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. ஜிஎஸ்டி கணக்குகளையும் ஆவணங்களையும், ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருந்தாக வேண்டும். இன்வாய்ஸும் லேப் ரிப்போர்ட்டும் வேறெங்கே, மெயிலில்தானே கிடக்கின்றன?

பலரும் முதலில் போவது கூகுள் டேக்அவுட். அது தருவது எம்பாக்ஸ் என்ற பெரிய ஃபைல். ஜிமெயிலில் ஃபோல்டர் என்று எதுவும் கிடையாது, எல்லாம் லேபிள்தான். அந்த லேபிளும் ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் ஒரு வரியாக மட்டுமே வரும். திறந்து பார்த்தால் பெங்களூரா, அல்போன்சா, ஷிப்பிங், சம்பளம் எல்லாம் ஒரே குவியல். கூடுதல் காப்பியாக வைத்துக்கொள்ள அது நல்லதுதான். ஃபோல்டர் அப்படியே வேண்டுமென்றால் தண்டர்பேர்ட் வழியாகப் போங்கள், கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க உதவும் இலவச மென்பொருள்.

1. ஜிமெயிலில் முன்வேலை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். செட்டிங்ஸில் லேபிள்ஸ் பக்கத்துக்குப் போய், தேவையான ஒவ்வொரு லேபிளுக்கும் ‘ஷோ இன் ஐமேப்’ டிக் இருக்கிறதா பாருங்கள். ஐமேப் என்பது ஜிமெயிலில் இருக்கும் மெயிலை வேறு மென்பொருளிலும் காட்டும் வழி. ‘ஆல் மெயில்’ டிக்கை எடுத்துவிடுங்கள்; விட்டால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு தடவை இறங்கும்.

ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு வேலை. எந்த லேபிளும் இல்லாமல் ஆர்க்கைவ் செய்த மெயில்கள் ஆல் மெயிலில் மட்டும்தான் இருக்கும். தேடல் பெட்டியில், இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில், ‘ஹேஸ்:நோயூசர்லேபிள்ஸ்’ (has:nouserlabels) என்று அடித்துத் தேடி, வருவதையெல்லாம் தேர்ந்தெடுத்து ‘லேபிள் இல்லாதவை’ என்று புது லேபிள் ஒட்டுங்கள்.

நிதியாண்டை 2023/24 என்று லேபிளில் எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஐமேப்பில் சாய்கோடு என்றால் உள்ஃபோல்டர் என்று அர்த்தம். அதனால் தண்டர்பேர்டில் ‘2023’ ஒரு ஃபோல்டராகவும் அதற்குள் ‘24’ இன்னொன்றாகவும் பிரிந்து நிற்கும். இப்போதே 2023-24 என்று மாற்றிவிடுங்கள்.

ஐமேப் செட்டிங்ஸில் ‘ஒரு ஃபோல்டரில் இத்தனை மெயில் மட்டும்’ என்ற வரம்பு இருக்கும். யாராவது அதை 1,000 என்று வைத்திருந்தால் பழைய மெயில் இறங்கவே இறங்காது. வரம்பில்லை என்று மாற்றுங்கள்.

2. தண்டர்பேர்டில் இறக்குவது

ஜிமெயில் முகவரியைக் கொடுத்து ஐமேப் கணக்காகச் சேருங்கள். அக்கவுன்ட் செட்டிங்ஸில் சிங்க்ரனைசேஷன் பக்கத்தில், எல்லா ஃபோல்டர் மெயிலையும் இந்தக் கம்ப்யூட்டரில் வைக்கச் சொல்லும் டிக்கைப் போடுங்கள். பெரிய மெயிலை இறக்காதே என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்கேன் செய்த பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) எல்லாம் விடுபட்டுவிடும்.

ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு சுமார் 2,500 எம்பி வரைதான் ஜிமெயில் இறக்க விடும். 12 ஜிபி என்றால் ஐந்து நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றால் நெட்டைக் குறை சொல்ல வேண்டாம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

3. லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகல்

இறங்கியாயிற்று என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. ஐமேப் கணக்கு என்பது கண்ணாடி மாதிரி. ஜிமெயிலில் அழித்தால் இங்கேயும் காணாமல் போகும். ஒவ்வொரு மேல்ஃபோல்டரையும் மவுஸால் இழுத்து, இடப்பக்கம் கீழே இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ மேல் விடுங்கள். உள்ஃபோல்டர்களும் கூடவே வரும். ஃபோல்டராக இழுத்தால் நகல்தான் ஆகும். தனி மெயிலாக இழுத்தால் அது அங்கிருந்து இடம் மாறிவிடும், ஜாக்கிரதை.

‘சென்ட் மெயில்’ ஃபோல்டரையும் மறக்காமல் இழுங்கள். நீங்கள் அனுப்பிய பதில்களில் பல, பையர் (சரக்கு வாங்குபவர்) பெயரிலுள்ள லேபிளுக்குள் இல்லாமல் அங்கேதான் கிடக்கும்.

4. வெளி டிஸ்க்குக்கு

உதவி மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் தகவலைத் திறந்தால் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குப் போகும் பட்டன் கிடைக்கும். அதைத் திறந்துவைத்துவிட்டு, காப்பி எடுக்கும் முன் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். ‘மெயில்’ என்பதற்குள் இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ முழுவதையும் காப்பி எடுங்கள். உள்ளே மூன்று வகை தெரியும். பின்னொட்டு இல்லாத ஃபைலில்தான் மெயில்கள் இருக்கின்றன. எஸ்பிடி என்று முடிவது உள்ஃபோல்டர். எம்எஸ்எஃப் என்பது வெறும் அட்டவணை; அது தொலைந்தாலும் தண்டர்பேர்ட் மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

ஒரு ஃபோல்டரின் மெயில் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால், ஃபேட்32 வடிவத்தில் உள்ள பென் டிரைவ் அதை ஏற்காது. டிஸ்க்கில் இடம் இருந்தும் ‘ஃபைல் பெரியது’ என்று வந்தால் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் ஃபார்மேட் செய்யுங்கள். அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் தனித்தனி மெயிலாகக் கேட்டால், ‘இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி’ என்ற ஆட்-ஆன் இஎம்எல் ஃபைல்களாகத் தரும். மெயிலின் சப்ஜெக்ட்டே ஃபைல் பெயராகும் என்பதால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பு இடிக்கும். டி டிரைவின் மேல்மட்டத்திலேயே ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் போட்டு அதற்குள் எடுங்கள்.

5. சரிபார்த்து அழிப்பது

ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் மெயில் எண்ணிக்கை தெரியும். ஐமேப் பக்கமும் லோக்கல் பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஜிமெயில் திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அது பெரும்பாலும் மெயில்களைக் கோவையாகச் சேர்த்து எண்ணும். பிறகு நெட்டைத் துண்டித்துவிட்டு, லோக்கல் பக்கத்தில் மிகப் பழைய மெயில் ஒன்றின் அட்டாச்மென்ட்டைத் திறந்து பாருங்கள். திறந்தால் ஜிமெயிலில் அழிக்கலாம். அழித்தவை டிராஷில் 30 நாள் இருக்கும். இடம் உடனே வேண்டுமென்றால் டிராஷையும் காலி செய்ய வேண்டும்.